தனியாகத் தொழில் நடத்தும் டாக்டர்

பிழைப்பை முன்னிட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழர் எவரும், வீடு பார்த்து, பாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்பாடு செய்த பின்னர், அக்கம்பக்கத்தாரிடம் தவறாமல் விசாரிப்பது ஒன்று உண்டு. "இங்கே நல்ல டாக்டர் யார்?" என்பதே அது. டில்லிக் கரோல்பாக்காயினும், மும்பை மாதுங்காவாயினும், கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரமாயினும் கேள்வி ஒன்றே. சொந்த ஊரில் இக்கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை. தாத்தாவுக்கு மருந்து கொடுத்தவரோ, அவருடைய மகனோ பேரனுக்கும் கொடுத்து வருவார். நம் குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு ஆஸ்துமா என்பதையும், எந்த மாதத்தில் கைச்செலவுக்கு நெருக்கடி என்பதையும்கூட அவர் அறிவார். புதிய ஊரில் இவை யாவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவை.

அவ்வாறு நாம் தேடிச் செல்லும் டாக்டர் பெரும்பாலும் அரசாங்க ஊழியர் அல்லர். பெரிய மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவரும் அல்லர். ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தம் பெயரைப் பலகையில் எழுதி மாட்டி, வருவோரைப் பார்த்து, அவர்கள் தரும் கட்டணத்தைக் கொண்டு ஜீவனம் நடத்துபவர். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடத்திய 75ஆவது சுற்று ஆய்வின்படி, மக்கள் சிகிச்சை பெற்ற நோய்களுள் நூற்றுக்குச் சுமார் 43 இத்தகைய தனி டாக்டர்களிடமும் அவர்தம் கிளினிக்குகளிலும் பார்க்கப்பட்டவை. அரசாங்க நிலையங்களின் பங்கு நூற்றுக்குச் சுமார் 30. தனியார் மருத்துவமனைகளின் பங்கு சுமார் 23.

நாட்டின் வைத்தியத்தில் இத்துணைப் பெரிய இடம் வகிக்கும் இத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது, எந்தச் சட்டங்களுக்கு உட்பட்டது, இதற்கு வரவு எங்கிருந்து வருகிறது, செலவு எங்கே போகிறது என்பவற்றை நம்மில் பலர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் காணும்போது ஆராய்வதற்கு அவகாசமும் இராது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே அவற்றைச் சற்று விளக்க முற்படுகிறோம்.

பெயர்ப்பலகையில் இருக்க வேண்டியவை

ஆங்கில வைத்தியம் பயின்றவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற, நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். பட்டம் பெற்றதனால் மட்டும் அவர் தொழில் நடத்திவிட முடியாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் தம் பெயரைப் பதிவு செய்து, ஒரு பதிவு எண்ணைப் பெற வேண்டும். இத்தொழிலுக்கு மேலதிகாரமாக, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கி வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக, 2020 செப்டம்பர் முதல் தேசிய மருத்துவ ஆணையம் நடைபெற்று வருகிறது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய இந்திய வைத்திய முறைகளுக்கும், ஹோமியோபதிக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டங்களின்படித் தனித்தனி ஆணையங்கள் அமைந்தன. சித்த வைத்தியரை நாடுவோரும் அவருடைய பதிவை விசாரித்தறிவது முறையே.

டாக்டர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், பதிவு எண்ணைக் கிளினிக்கில் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்றும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது ஆகியவற்றிலும் அது இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 2023இல் புதிய விதிகள் வெளியிடப்பட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டமையால், பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பெயருக்குப் பின்னால் எழுத்துக்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு மயங்குவதைவிட, அந்த ஒரு பதிவு எண்ணைத் தேடுவது நலம். மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மொழி தெரியாத ஊரில், டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்ட போலிகளிடமிருந்து தப்புவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

டாக்டருக்குப் பதிவு உண்டு. அவருடைய கிளினிக்குக்கு உண்டா என்றால், அதற்கு விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருத்துவமனைகளும் மருந்தகங்களும் நம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் அடங்கியவை. 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டமும், 1953ஆம் ஆண்டு டில்லிச் சட்டமும் படுக்கைகளுடன் கூடிய நர்ஸிங் ஹோம்களைக் கருதி எழுந்தவை. 2010இல் பாராளுமன்றம் இயற்றிய மருத்துவ நிலையங்கள் சட்டமோ ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக்கையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. ஆயினும் அதனை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில்தான் அது செல்லும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சட்டங்கள் செய்துகொண்டன. ஆதலால், "எங்கள் ஊரில் இப்படி இல்லையே" என்று நாம் வியப்பதற்குச் சட்டத்திலேயே காரணம் உண்டு.

ஆனால் எந்த மாநிலமானாலும் விலக்கில்லாத கடமைகள் சில. ஊசி, பஞ்சு முதலிய கழிவுகளை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்து ஒப்படைக்க வேண்டும். சிறு கிளினிக்கும் இதற்கு உட்பட்டதே. அல்ட்ராஸவுண்ட் இயந்திரம் வைத்திருப்பவர் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதனைப் பதிவு செய்ய வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவது குற்றம்.

மூன்று நகரங்களில் மூன்று முறைகள்

தனி டாக்டரின் தொழில் எங்கும் ஒரே வடிவில் இல்லை. மும்பையில் பழைய வழக்கப்படி நடத்தும் குடும்ப டாக்டரிடம் சென்றால், பரிசோதனை முடிந்ததும் கம்பவுண்டர் மாத்திரைகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். பார்க்கும் கட்டணமும் மருந்தின் விலையும் ஒரே தொகையில் அடங்கிவிடும். வேலைக்குப் போகும் வழியில் வரும் தொழிலாளிக்கு இது மிகவும் அனுகூலமானது. தம்மிடம் வரும் நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லோருக்கும் விற்கும் மருந்துக்கடையாக அதனை நடத்துவதைத்தான் தடுக்கிறது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. பொட்டலத்தில் உள்ள மாத்திரையின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அது உடம்புக்கு ஒவ்வாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், இரவில் அவசரத்துக்குப் பார்க்கும் வேறு டாக்டரிடம் என்ன சொல்வது? ஆகவே மருந்தைப் பொட்டலமாக வாங்கும்போது, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். இது டாக்டரைச் சந்தேகிப்பதாகாது.

கொல்கத்தாவில் வேறு விதம். அங்கே டாக்டர் இருக்கும் அறையைச் 'சேம்பர்' என்பர். பல சேம்பர்கள் மருந்துக்கடையின் பின்புறத்திலோ மாடியிலோ அமைந்திருக்கும். ஒரே டாக்டர் திங்கட்கிழமை ஒரு கடையிலும் செவ்வாய்க்கிழமை மற்றொரு கடையிலும் அமர்வதும் உண்டு. கடைக்காரருக்கு வியாபாரம், டாக்டருக்குத் தனியே இடம் பிடிக்கும் செலவு மிச்சம், நோயாளிக்கு அலைச்சல் குறைவு. எனினும் எழுதும் மருந்து எத்தனை என்பதில் இடம் கொடுத்தவருக்கும் அக்கறை இருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது.

டில்லியின் பழைய குடியிருப்புக்களில், தம் வீட்டின் கீழ்த்தளத்தையே கிளினிக்காக வைத்திருக்கும் டாக்டர்களைக் காணலாம். வாடகை இல்லாமையால் இவர்களுக்குப் பாரம் குறைவு. மற்றவர்களோ மார்க்கெட்டில் கடையறை பிடித்துக் காலையும் மாலையும் அமர்ந்து, நடுப்பகலில் ஏதேனும் ஒரு நர்ஸிங் ஹோமுக்குச் சென்று வருகிறார்கள். தம்மிடம் வந்த நோயாளிக்குப் படுக்கை தேவைப்பட்டால் அங்கேயே சேர்த்துத் தாமே பார்த்துக்கொள்வதும் இதனால் சாத்தியமாகிறது.

வரவும் செலவும்

வைத்தியம் என்பது நோயாளி, டாக்டர், மருந்து, அருகிருந்து பணி புரிபவர் என்னும் நால்வகைப்பட்டது என்று வகுத்தார் வள்ளுவர். கட்டணத்தைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. இக்காலத்தில் அந்த ஐந்தாவதை விட்டுவிட்டு இத்தொழிலைப் புரிந்துகொள்ள இயலாது.

ஒரு கிளினிக்கின் கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 300 ரூபாய் என்றும், மாதத்தில் 25 நாட்கள் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணம் செலுத்தும் நோயாளிகள் நாள்தோறும் 20 பேர் வந்தால், மாத வரவு 1,50,000 ரூபாய். இனிச் செலவு: அறை வாடகை 40,000; உதவியாளர் இருவருக்குச் சம்பளம் 36,000; மின்சாரம், தொலைபேசி, துப்புரவு முதலியவற்றுக்கு 10,000; ஊசி, பஞ்சு, கழிவு அகற்றும் சந்தா, தொழிற்காப்பீடு ஆகியவற்றுக்கு 8,000; கருவிகள் வாங்கிய கடனுக்குத் தவணை 20,000. ஆக 1,14,000 ரூபாய். டாக்டருக்கு மிஞ்சுவது 36,000 ரூபாய், வருமானவரி வேறு.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. செலவுகளில் பெரும்பாலானவை நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும் மாறாதவை. எனவே நாள்தோறும் 25 பேர் வந்தால் மிச்சம் 73,500 ரூபாயாகி, இரு மடங்கையும் தாண்டிவிடுகிறது. 15 பேரே வந்தால் வரவு 1,12,500 ரூபாய். அதாவது செலவுக்கே 1,500 ரூபாய் போதவில்லை. ஐந்து பேர் கூடுவதும் குறைவதும் டாக்டரின் குடும்பத்தையே அசைத்துவிடுகின்றன. டாக்டருக்கே காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாலோ வரவு நிற்கும், வாடகை நிற்காது. சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு எடுத்துப் பழகிய நம் போன்றோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

வரவு போதாத டாக்டருக்கு வழிகள் மூன்றுதான். கட்டணத்தை உயர்த்தலாம், உயர்த்தினால் நோயாளிகள் அடுத்த தெருவுக்குப் போய்விடக்கூடும். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, அதிகம் பேரைப் பார்க்கலாம். பார்த்தால் நோயைக் கண்டறிய வேண்டிய நேரமே சுருங்கிவிடும். இவ்விரண்டும் அன்றி, நோயாளியின் கையிலிருந்து நேரே வராமல் வேறு எங்கிருந்தோ வரும் பணத்தை எதிர்பார்க்கலாம். இந்த மூன்றாவது வழிதான் நம் கவனத்துக்கு உரியது.

கமிஷன் என்னும் வியாதி

தம்மால் தீர்க்க இயலாத நோயாளியை நிபுணரிடம் அனுப்புவதும், இரத்தம், சிறுநீர், ஸ்கான் முதலிய பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுப்பதும் எந்த டாக்டருக்கும் கடமை. ஆனால் அனுப்பியதற்காகவே பரிசோதனைக் கூடமோ மருத்துவமனையோ அவருக்கு ஒரு பங்கைத் திருப்பித் தருமானால், அதனைக் 'கட் பிராக்டீஸ்' என்பர். 3,000 ரூபாய் ஸ்கானில் 600 ரூபாய் இவ்வாறு திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், மேற்கண்ட கணக்கில் அது இரண்டு நோயாளிகளின் கட்டணத்துக்குச் சமம். ஒரு சீட்டு எழுதும் நேரத்தில் அது கிடைத்துவிடுகிறது. அந்த 600 ரூபாய் பரிசோதனைக் கூடத்தின் லாபத்திலிருந்து வருவதாகத் தோன்றினாலும், ஸ்கானின் விலையில் சேர்ந்து நம்மிடமிருந்தே வாங்கப்படுவதுதான்.

2002ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய கமிஷனைக் கொடுப்பதையும் வாங்குவதையும் ஐயத்துக்கு இடமின்றித் தடை செய்கின்றன. 2017இல் மகாராஷ்டிர அரசாங்கம் இதற்கெனத் தனி மசோதா ஒன்றின் நகலைத் தயாரித்ததிலிருந்து, இவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பது புலனாகும். டாக்டர்களுக்கு மருந்துக் கம்பெனிகள் வழங்கும் பரிசுகளின் செலவை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறையும் அத்தகைய பரிசுகளை விலக்கியது.

டாக்டர்கள் அனைவரும் இவ்வாறு செய்பவர்கள் என்று நாம் கூறவில்லை. கமிஷன் உறையைத் திருப்பி அனுப்பும் டாக்டர்கள் உண்டு. ஆனால் அவர்களும் அதே வாடகையைத்தான் கொடுத்தாக வேண்டும். டாக்டரின் வருவாய் எங்கிருந்து வருகிறதோ, அந்தத் திசையில் அவருடைய கவனம் சிறிதேனும் சாய்வது மனித இயல்பு. வருவாய் முழுவதும் நாம் வெளிப்படையாகத் தரும் கட்டணத்திலிருந்து வருமாயின், அவர் நமக்கு மட்டுமே கடமைப்பட்டவர். கட்டணத்தில் பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டு, தேவையற்ற ஸ்கானுக்கு மூவாயிரம் கொடுத்து வருபவர் லாபம் அடைந்தவர் ஆகார். "மருந்தே எழுதவில்லை, இவருக்கு எதற்குக் கட்டணம்?" என்று முணுமுணுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மருந்து வேண்டாம், மூன்று நாள் ஓய்வு போதும் என்று துணிந்து சொல்லும் டாக்டரின் அறிவுக்கே நாம் கட்டணம் தருகிறோம். அதனைத் தர மறுத்தால், அடுத்த முறை அவரும் நான்கு மருந்து எழுதக் கற்றுக்கொள்வார்.

இங்கே வேறொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடும், பெரும்பாலான தனியார் காப்பீடுகளும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகின்றன. கிளினிக் செலவு நம் பையிலிருந்தே போகிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்தது 2013-14இல் நூற்றுக்கு 64.2, 2021-22இல் அது 39.4 ஆகக் குறைந்தது. குறைந்தும் பெரிய பங்கே. ஆகவே கட்டணம் இவ்வளவு என்று முன்னரே தெரிந்திருத்தல் அவசியம். அதனைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு விதிகளில் ஒன்று.

பிறர் கட்டணம் தரும் ஏற்பாடுகள்

நோயாளியிடம் கைநீட்டாமல் தனி டாக்டர் தொழில் நடத்தும் முறைகளும் நம் நாட்டில் உண்டு. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் இத்திட்டத்தின்கீழ்த் தனி டாக்டர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு டாக்டரிடமும் குறிப்பிட்ட தொழிலாளர் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. தலைக்கு இவ்வளவு என்று டாக்டருக்குத் தொகை கிடைக்கும். தொழிலாளி எத்தனை முறை வந்தாலும் கட்டணம் இல்லை. மருந்தும் பரிசோதனையும் அதிகமானால் டாக்டருக்கு ஆதாயம் இல்லை என்பது இதன் சிறப்பு. நோயாளியை அவசரமாக அனுப்பிவிடத் தோன்றலாம் என்பது இதன் குறை. எந்தப் பண ஏற்பாட்டுக்கும் இப்படி ஒரு மறுபுறம் உண்டு.

மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு, 1954இல் டில்லியில் தொடங்கிய மத்திய அரசாங்க சுகாதாரத் திட்டம் உண்டு. அத்திட்டம் எட்டாத ஊர்களில், 1944ஆம் ஆண்டு மருத்துவ விதிகளின்படி, தனி டாக்டர்களையே அங்கீகாரம் பெற்ற வைத்தியராக நியமிக்க இடமுண்டு. அவரிடம் செலவழித்ததை, விதிப்படி, அலுவலகத்திலிருந்து திரும்பப் பெறலாம். சிற்றூருக்கு மாற்றலாகும் ஊழியர், அங்குள்ள அத்தகைய டாக்டரின் பெயரை முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

நோயாளியின் உரிமைகள்

கட்டணம் தருவதால் நமக்கு ஓர் உரிமையும் பிறக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கும் கிளினிக்கில் ஏழை ஒருவருக்கு மட்டும் இலவசமாகச் சிகிச்சை செய்தாலும், அந்த ஏழைக்கும் அதே உரிமை உண்டு என்பதும் அத்தீர்ப்பே. அதற்காக, நோய் குணமாகாத போதெல்லாம் டாக்டர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தகுந்த கவனத்துடன் பார்த்தாரா என்பதே கேள்வி. கிரிமினல் குற்றமாவதற்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

விபத்தில் அடிபட்டவருக்கு உயிர் காக்கும் உதவி செய்வது, அரசாங்க டாக்டராயினும் தனி டாக்டராயினும், ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989இல் கூறப்பட்டது. சாதாரண வேளையில் தம்மிடம் வரும் ஒவ்வொருவரையும் ஏற்றுக்கொள்ளத் தனி டாக்டர் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் ஏற்றுக்கொண்ட பின் அறிவிப்பின்றிக் கைவிடலாகாது.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புக்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் விதி உண்டு. ஆயினும் சிறு கிளினிக்குகளில் நம் கையிலுள்ள சீட்டே முக்கியமான குறிப்பு. எனவே ரசீதையும் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குதல் வேண்டும். நிபுணரிடம் அனுப்பும்போது, சந்தேகிக்கும் நோய், இதுவரை கொடுத்த மருந்து, அனுப்பும் காரணம் ஆகியவற்றை எழுதிய கடிதத்தையும் பெற வேண்டும். அக்கடிதத்தை எந்த நிபுணரிடம் கொண்டு செல்வது என்பது நம் விருப்பம்.

மொழியும் கோப்பும்

புலம்பெயர்ந்த நமக்கு இவற்றைவிடப் பெரிய இடையூறு மொழி. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நமக்கு இது கண்கூடு. வலி என்றால் தமிழில் குடைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, உளைச்சல் என்று எத்தனையோ உண்டு. இந்தி தெரிந்த அளவில் நாம் இவை எல்லாவற்றையும் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்தியில் சொல் இல்லாமல் இல்லை. எரிச்சலுக்கு 'ஜலன்' உண்டு. குத்தலுக்கு 'சுபன்' உண்டு. வயிற்றை முறுக்கும் வலிக்கு 'மரோட்' உண்டு. கடைத்தெருவில் கற்ற இந்தியில் அவை நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவே. எரியும் மார்புக்கும் அழுத்தும் மார்புக்கும் டாக்டர் எண்ணும் காரணங்கள் வேறு வேறு.

இதற்கு மாறாக, தமிழின் ஒரு சொல்லுக்கு அங்கே இரண்டு சொற்கள் இருப்பதும் உண்டு. 'மயக்கம் வந்தது' என்கிறோம். தலை சுற்றியதா, நினைவே தப்பியதா? முன்னதற்கு இந்தியில் 'சக்கர்', பின்னதற்கு 'பேஹோஷ்'. ஒன்றைச் சொல்ல வந்து மற்றொன்றைச் சொல்லிவிட்டால், வைத்தியத்தின் போக்கே மாறிவிடும். 'சளி' என்பதும் அவ்வாறே. மூக்கில் ஒழுகும் ஜலதோஷத்தையும் நெஞ்சில் கட்டும் கோழையையும் நாம் அப்படியே சொல்கிறோம். டாக்டரிடம் புறப்படுமுன், எங்கே, எப்போது முதல், எவ்விதமான வலி என்ற மூன்றையும் ஒரு தாளில் அந்த ஊர் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பள்ளி செல்லும் பிள்ளை அவ்வூர் மொழியைச் சரளமாகப் பேசுகிறான் என்று, அவனையே தாய்க்கும் டாக்டருக்கும் நடுவில் நிறுத்துவது நம் குடும்பங்களில் சகஜம். மகன் முன்னிலையில் எந்தத் தாய் தன் மாதவிலக்குத் தொல்லையைச் சொல்வாள்? தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வருவாள். உள்ளிருக்கும் நோய் வளரும். அத்தகைய வேளைக்கு அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதே தக்கது. இயன்றால் பெண் டாக்டரை நாடலாம். சொந்த ஊர் டாக்டருடன் தொலைபேசி வழியாகப் பேசவும் 2020 மார்ச்சில் வெளியிடப்பட்ட நெறிமுறைகள் இடம் தருகின்றன. நேரில் பாராமல் எழுதக்கூடாத மருந்துகள் சில உண்டெனினும், தமிழில் மனம் விட்டுச் சொல்வதற்கு அது உதவும்.

ஈற்றில் கோப்பு. அலுவலகத்தில் ஒவ்வொரு காகிதத்துக்கும் எண்ணிட்டு அடுக்கும் நாம், உடம்பைப் பற்றிய காகிதங்களை அலமாரியின் மூலைகளில் விட்டுவிடுகிறோம். மாற்றலாகி மூன்று ஊர்களுக்குச் செல்லும் குடும்பத்துக்கு மூன்று டாக்டர்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டு, ஒரே இரத்தப் பரிசோதனையைத் திரும்பவும் எழுதுவர். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை வைத்து, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, ஒவ்வாத மருந்தின் பெயர், தடுப்பூசி நாள் ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்து வந்தால், சொந்த ஊர் டாக்டரின் நினைவில் இருந்த குடும்பச் சரித்திரம் நம்முடனேயே பயணம் செய்யும்.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து செல்வதன் பயனும் இதுவே. முதல் தடவையில் நாம் அவருக்கு வெறும் நோயாளி. நான்காம் தடவையில் நம் குடும்பத்தை அறிந்தவர் ஆகிறார். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நாளுக்கொரு டாக்டரை மாற்றிக்கொண்டு, கடும் நோய் வந்த அன்று குடும்ப டாக்டரின் அக்கறையை எதிர்பார்த்தல் பொருந்தாது. பதிவு எண்ணைப் பார்த்துத் தேர்ந்து, உரிய கட்டணத்தை மனமுவந்து கொடுத்து, ரசீதையும் சீட்டையும் தவறாமல் பெற்று, ஓரிரு ஆண்டு தொடர்ந்து சென்று வந்தால், "இங்கே நல்ல டாக்டர் யார்?" என்று அடுத்து ஊரிலிருந்து வந்து குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு பெயரைத் தயங்காமல் நாமே சொல்ல முடியும்.